தமிழ்நாடு காவல்துறையில் கொரோனா தடுப்பூசி (2021–2022)

தமிழ்நாடு காவல்துறையினருக்குக் கொரோனா தடுப்பூசி செலுத்தும் பணி 2021 பிப்ரவரி தொடக்கத்தில் ஆரம்பமானது. அதே ஆண்டு மே நடுப்பகுதிக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் குறைந்தது ஒரு தவணையேனும் போட்டுக்கொண்டனர். இரண்டாம் அலையில் காவலர்களிடையே நிகழ்ந்த மரணங்களைப் பற்றிய கணக்கு, தடுப்பூசி உயிரைக் காக்கிறதா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டுக்குள்ளிருந்தே கிடைத்த முதல் சான்றுகளில் ஒன்றாக அமைந்தது.

பின்னணி

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் ஊரடங்கு தொடங்கியது. வாகனச் சோதனை, சந்தைகளில் கூட்டக் கட்டுப்பாடு, தனிமைப்படுத்தப்பட்ட தெருக்களில் காவல் ஆகிய பணிகள் காவலர்கள்மேல் விழுந்தன. வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலை இது. 2020 ஜூன் 17 அன்று சென்னை மாம்பலம் காவல் நிலைய ஆய்வாளர் கொரோனாவால் இறந்தார். சென்னைக் காவல்துறையில் இந்த நோய்க்குப் பலியான முதல் அலுவலர் அவர்.

2021 ஜனவரி 3 அன்று கோவிஷீல்டு, கோவேக்சின் ஆகிய இரு தடுப்பூசிகளுக்கும் இந்தியாவில் அவசரகால அனுமதி கிடைத்தது. ஜனவரி 16 முதல் மருத்துவப் பணியாளர்களுக்கும், பிப்ரவரி தொடக்கத்திலிருந்து காவல்துறை, வருவாய்த்துறை, உள்ளாட்சித்துறை முன்களப் பணியாளர்களுக்கும் ஊசி போடப்பட்டது.

தயக்கமும் அதன் காரணங்களும்

முதல் வாரங்களில் ஆர்வம் குறைவாகவே இருந்தது. பிப்ரவரியில் தமிழ்நாட்டின் அன்றாடத் தொற்று ஐந்நூறு அளவுக்கு இறங்கியிருந்தது. நோய்தான் போய்விட்டதே, இனி ஊசி எதற்கு என்ற எண்ணம் பரவலாக இருந்தது. கோவேக்சினின் மூன்றாம் கட்ட ஆய்வு முடிவுகள் அப்போது வெளியாகாததால், அதைப் போட்டுக்கொள்வோர் தனி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. அதுவே சந்தேகத்தை வளர்த்தது. ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் வருவதுண்டு. விடுப்பு எளிதில் கிடைக்காத பணியில் இதுவும் ஒரு தடைதான்.

நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று சென்னையில் பொதுமக்களுக்கு எடுத்துக்காட்டாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். ஏப்ரல் 17 அன்று மாரடைப்பால் இறந்தார். காவல்துறை மரியாதையுடன் அவரது இறுதிச் சடங்கு நடந்தது. இறப்புக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று மருத்துவர்கள் உடனே விளக்கினர். அக்டோபரில் ஆய்வுக் குழுவும் அதையே உறுதி செய்தது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் வதந்திதான் வேகமாகப் பரவியது.

நேரத்தின் முக்கியத்துவம்

காவலர்களின் பெயர்ப் பட்டியல் துறை மூலமாகவே கோவின் தளத்தில் ஏற்றப்பட்டது. தனித்தனியாக முன்பதிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தல் பணியும் தடுப்பூசியை விரைவுபடுத்த ஒரு காரணமாயிற்று.

இதைவிட முக்கியமானது தவணை இடைவெளி. தொடக்கத்தில் கோவிஷீல்டுக்கு 4 முதல் 6 வாரம் என்றிருந்த இடைவெளி, மார்ச் 22 அன்று 6 முதல் 8 வாரமாகவும், மே 13 அன்று 12 முதல் 16 வாரமாகவும் நீட்டிக்கப்பட்டது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் முதல் ஊசி போட்ட காவலர்கள், இரண்டாம் அலை உச்சமடையும் முன்பே இரண்டாவதையும் முடிக்க முடிந்தது. தயங்கிக் காத்திருந்தவர்கள் அந்த வாய்ப்பை இழந்தனர். மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது.

31 மரணங்கள்

சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவன ஆய்வாளர்கள் காவல்துறைப் பதிவுகளை ஆராய்ந்து 2021 ஜூனில் முடிவை வெளியிட்டனர். மொத்தம் 1,17,524 காவலர்களில் 67,673 பேர் இரண்டு தவணையும், 32,792 பேர் ஒரு தவணையும் போட்டிருந்தனர். 17,059 பேர் போடவில்லை.

ஏப்ரல் 13 முதல் மே 14 வரை கொரோனாவால் இறந்த காவலர்கள் 31 பேர். அவர்களில் 20 பேர் தடுப்பூசி போடாதவர்கள், 7 பேர் ஒரு தவணை போட்டவர்கள், 4 பேர் இரண்டும் போட்டவர்கள். படையில் ஏழில் ஒரு பங்கினரான ஊசி போடாதோரிடமிருந்தே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மரணங்கள் வந்தன. ஒரு தவணை 82 சதவீதமும், இரண்டு தவணை 95 சதவீதமும் மரணத்தைத் தடுத்ததாக ஆய்வு கணக்கிட்டது.

வயது, பிற நோய்கள், முந்தைய தொற்று ஆகியவற்றை இந்தக் கணக்கு சேர்த்துக்கொள்ளவில்லை என்பது அதன் குறை. ஆயினும் பஞ்சாப் காவல்துறையில் நடந்த ஆய்வும் இதற்கு நெருங்கிய விடையையே தந்தது. அங்கு ஒரு தவணைக்கு 92 சதவீதம், இரண்டு தவணைக்கு 98 சதவீதம் பாதுகாப்பு எனக் கண்டறியப்பட்டது.

கேளம்பாக்கம் வட்டாரம்

பழைய மகாபலிபுரம் சாலையும் வண்டலூரிலிருந்து கோவளம் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் கேளம்பாக்கம். தமிழ்நாடு காவலர் உயர் பயிற்சியகம் இயங்கும் ஊனமாஞ்சேரி வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையை ஒட்டியுள்ளது. இவ்வட்டாரம் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டம் இரண்டாம் அலையில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் உள்ள மீனவர் ஊர் கோவளம். 18 வயதுக்கு மேற்பட்ட சுமார் 6,400 பேரில், இரண்டு மாதங்களில் நூறு பேர்கூட ஊசி போட்டிருக்கவில்லை. தன்னார்வ அமைப்புகள் பிரியாணி, கைபேசி ரீசார்ஜ், குலுக்கல் பரிசுகள் என அறிவித்தபின் 2021 ஜூன் தொடக்கத்தில் மூன்றே நாட்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் வந்தனர். காவல்துறையில் பட்டியலும் பணி ஒழுங்கும் செய்ததை, இங்கே விருந்தும் பரிசும் செய்தன.

இதே மாவட்டத்தின் திருமணியில் சுமார் 100 ஏக்கரில் கட்டப்பட்ட ஒன்றிய அரசின் தடுப்பூசி வளாகம் அப்போது உற்பத்தியின்றிக் கிடந்தது. அதை மாநிலத்துக்குக் குத்தகைக்குத் தருமாறு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் மே மாதத்தில் கோரினார்.

2022 ஜனவரி 1 அன்று தாம்பரம் காவல் ஆணையரகம் தொடங்கப்பட்டபோது கேளம்பாக்கம் அதன் எல்லைக்குள் வந்தது. ஒமைக்ரான் அலை எழுந்துகொண்டிருந்த நேரம் அது. ஜனவரி 10 முதல் முன்களப் பணியாளர்களுக்கு மூன்றாவது தவணையும் போடப்பட்டது.

கட்டாயமா, விருப்பமா

அமெரிக்காவில் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் பணியிலிருந்த காவலர்களின் மரணத்துக்கு முதன்மைக் காரணம் கொரோனாதான். ஆயினும் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் மாநகர நிர்வாகம் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியபோது காவலர் சங்கங்கள் எதிர்த்து நின்றன. இந்தியாவில் அது சட்டப்படி விருப்பத்துக்குரியதாகவே இருந்தது. யாரையும் தடுப்பூசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

கட்டாயம் இல்லாமலேயே தமிழ்நாடு காவல்துறையில் 85 சதவீதத்தினர் மூன்றரை மாதங்களில் ஒரு தவணையேனும் போட்டுக்கொண்டனர். எஞ்சியவர்களில் 20 பேரின் மரணம், பிந்தியவர்களுக்கு எந்தப் பிரசாரத்தையும்விட அழுத்தமான செய்தியானது.