கூதிர் முதல் உறைபனி வரை

ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்த பழந்தமிழர் அதில் மூன்றைக் குளிருக்கே ஒதுக்கினர். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. வடக்கிலிருந்து வீசி உடலை நடுக்கும் காற்றுக்கு வாடை என்று தனிப்பெயர். ‘பனித்தல்’ என்றாலே நடுங்குதல்தான்.

இந்தச் சொற்களின் முழு வலிமையும் தெரிய வேண்டுமென்றால் பத்துப்பாட்டில் நக்கீரரின் நெடுநல்வாடையைப் பார்க்க வேண்டும். 188 அடிகள். இவ்வளவு குளிர் என்று அளவு சொல்லாமல், குளிர் என்ன செய்கிறது என்று காட்டுகிறார். கொள்ளியைக் கையில் பிடித்தும் ஆயர்களின் நடுக்கம் தீரவில்லை. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. பறவைகள் மரத்திலிருந்து விழுகின்றன. பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைக்கிறது. ஊருக்குள் சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. குளிரில் நிலைகுலைந்த யாழ் நரம்பை ஆடல் மகளிர் மார்பின் வெம்மையில் தடவிச் சரிசெய்கிறார்கள்.

கூதிர் இன்று பேச்சில் இல்லை. ஆனால் அதன் உறவான ‘கூதல்’ தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் புழங்குகிறது; மதுரைப் பக்கம் ‘கூதக்காத்து’. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்ற பழமொழியும் உண்டு.

சமவெளிக்கு இந்தச் சொற்கள் போதும். நீலகிரிக்குப் போதாது. அங்கே புல்வெளியை வெள்ளையாக்கித் தேயிலைக் கொழுந்தைக் கருக்குவது உறைபனி. ஈரமாகப் படிந்து வெயிலில் காய்வது நீர்ப்பனி. உதகையிலிருந்து வரும் குளிர்காலச் செய்திகள் இரண்டையும் பிரித்தே எழுதுகின்றன.