உவமையின் வேர்கள்

உவமையணி யாது? உருவகம் அதனின்றும் வேறுபடுமாறு யாது? வகுப்பறையில் ஆண்டுதோறும் இவ்வினாக்களை எழுப்புகின்றோம். மாணாக்கரும் இலக்கணத்தை மனனஞ் செய்து ஒப்புவிக்கின்றனர். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். குறை அவர்களுடையதன்று. அணிகளுக்கும் ஒரு சமுதாய வரலாறு உண்டென்பதை நாம் கூறத் தவறிவிட்டோம்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஏழாம் இயல் உவமவியல். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடியாக உவமை பிறக்குமென அது வகுக்கின்றது. செயலும் பயனும் வடிவும் நிறமும் உலகப் பொருள்களில் உள்ளவை. ஆகவே உவமை கூறுவோன் முதலில் உலகை உற்றுநோக்கல் வேண்டும்.

சங்கப் புலவர் அவ்வாறு நோக்கினர். அவருட் சிலரின் இயற்பெயரை நாம் அறியோம். அவர்கள் ஆண்ட உவமையே அவர்க்குப் பெயராயிற்று. குறுந்தொகை 131ஆம் பாட்டைப் பாடியவர் ஓரேருழவனார். மழை பெய்து நிலம் நனைந்துவிட்டது. ஈரம் உலருமுன் உழுதாக வேண்டும். இருப்பதோ ஒரே ஏர். தலைவியின் தொலைவான ஊரை நோக்கி விரையும் நெஞ்சுக்கு அவ்வுழவனின் பதற்றமே உவமை. நற்றிணை 284ஆம் பாட்டின் ஆசிரியர் தேய்புரிப் பழங்கயிற்றினார். காதலுக்கும் பொருள்தேடுங் கடமைக்கும் இடையே நைந்துபோகும் உடலை, களிறுகள் இருபுறமும் பற்றியிழுக்கும் பழங்கயிற்றுக்கு ஒப்பிட்டார். ஏரும் கயிறும் உழைப்போர் கையிற் புழங்கியவை.

12ஆம் நூற்றாண்டு சோழப் பேரரசின் காலம். வடமொழித் தண்டியின் காவியாதர்சத்தைத் தழுவியெழுந்த தண்டியலங்காரம் பொருளணிகளை 35 ஆக விரித்தது. அதன் எடுத்துக்காட்டுச் செய்யுள்கள் சில அனபாய சோழனைப் புகழ்வன. அவன் இரண்டாங் குலோத்துங்கன் என்பர். சங்கப் புலவரும் மன்னரைப் பாடினர் என்பது மெய்யே. ஆயினும், இங்கே அணியிலக்கணப் பாடத்தினுள்ளேயே அரசன் புகழ் இடம்பெற்றுவிட்டது. நூலைப் பழிப்பது நம் நோக்கமன்று. அதன் நுண்ணிய பாகுபாடு இன்றும் பயன்தருவதே. பாகுபாட்டை மட்டும் கற்பித்து, உவமை பிறந்த வாழ்க்கையை மறைப்பதே தவறு.

அணியின் பெயரைக் கேட்குமுன், அவ்வுவமானம் யாருடைய வாழ்விலிருந்து வந்ததென்று கேட்போம். உழவர் வீட்டுப் பிள்ளையும் நம் வகுப்பிலேதான் அமர்ந்திருக்கின்றான். ஓரேருழவனின் பதற்றத்தை விளக்க நம்மினும் தகுதியுடையவன் அவனே.