பெயரற்ற அரசியரும் பெயர்பெற்ற சிவகாமியும்: பல்லவர் வரலாற்றுப் புனைவில் பெண்

முன்னுரை

செங்கற்பட்டு மாவட்டம், மாமல்லபுரம் ஆதிவராகர் குகைக் கோயிலில் இரண்டு அரச உருவத் தொகுதிகள் உள்ளன. ஒன்றில் அமர்ந்துள்ள அரசனின் இருபுறமும் அரசியர் நிற்கின்றனர். மற்றொன்றில் நிற்கும் அரசன் அரசியர் இருவருள் ஒருத்தியின் கையைப் பற்றியுள்ளான். சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என அரசர் பெயர்கள் மேலே பொறிக்கப்பட்டுள்ளன. அரசியர் நால்வருக்கும் பெயர் பொறிக்கப்படவில்லை. இத்தகைய இடைவெளியை நவீனப் புனைவு எவ்வாறு நிரப்புகிறது என்பதைக் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நாவலின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்வெட்டில் பெண்

பல்லவர் காலப் பெண்கள் அனைவரும் பெயரின்றி மறைந்தனர் எனக் கொள்ள இயலாது. காஞ்சிபுரம் கயிலாசநாதர் கோயிலின் முன்புறச் சிற்றாலயங்களுள் ஒன்றை இராஜசிம்மனின் தேவி அரங்கபதாகை எடுப்பித்ததாக வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. கணவனை முன்னிட்டே அவள் அறிமுகப்படுத்தப்படுகிறாள். எனினும், ‘எடுப்பித்தல்’ என்னும் வினைக்கு அவளே எழுவாய்.

புனைவில் பெண்

1944 முதல் 1946 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவந்த இந்நாவலில், கி.பி. 642ஐ ஒட்டிய வாதாபிப் போர் வரலாற்று நிகழ்வு. சிவகாமி கற்பனைப் பாத்திரம். சிற்பி ஆயனரின் மகளான அவளுடைய ஆடல் நிலைகள் தந்தையின் சிலைகளுக்கு மாதிரியாகின்றன. அவளது கலை இவ்வாறு ஆணின் படைப்புக்கு மூலப்பொருளாகிறது. வாதாபியில் சிறைப்பட்டபின், அந்நகர் எரிக்கப்படும்வரை அங்கிருந்து வெளியேறுவதில்லை எனச் சபதம் செய்கிறாள். மாமல்லன் மறைவாக வந்து அழைத்தபோதும் மறுக்கிறாள். கதையை இயக்குவது அவளது சொல்லே. ஆயினும், செயல் மாமல்லனுக்கும் பரஞ்சோதிக்கும் உரியதாகிறது. அவளுக்கு எஞ்சுவது காத்திருப்பு. மீண்டு வரும்போது மாமல்லன் மனைவி மக்களுடன் வாழ்வதைக் கண்டு, தன்னை ஏகாம்பரநாதருக்கு அர்ப்பணித்துக்கொள்கிறாள்.

இம்முடிவு எழுதப்பட்ட காலம் கருதத்தக்கது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி முன்னெடுத்த முயற்சி, 1947இல் சென்னை மாகாணத்தில் தடைச்சட்டமாக நிறைவேறியது. அதை ஒட்டிய ஆண்டுகளில் வெளிவந்த நாவல், இறைவனுக்கு மணமாதல் என்னும் சடங்கைத் தக்கவைத்துக்கொண்டு, அதன் சமூகப் பின்னணியை நீக்கிவிடுகிறது. சிவகாமி பரம்பரை ஆடற்குலத்தவள் அல்லள்; அவளை எவரும் வற்புறுத்தவும் இல்லை. விவாதத்திற்குரிய ஒரு வழக்கம் இங்குத் தனிமனுஷியின் தூய துறவாக மாற்றப்படுகிறது.

முடிவுரை

ஆகவே, சிவகாமியைப் பல்லவர் காலப் பெண்ணின் நிலைக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. 1940களின் தமிழ்ச் சமூகம் ஆடும் பெண்ணை எவ்வாறு காண விரும்பியது என்பதற்கே அவள் சான்றாகிறாள். கோயில் எடுப்பித்த அரங்கபதாகையைவிடக் காத்திருந்த சிவகாமியே வாசகர் நினைவில் நிலைபெற்றிருப்பின், அதற்குக் கல்வெட்டின் மௌனம் மட்டும் காரணம் அன்று. எப்பெண்ணை நினைவுகூர்வது என்னும் தேர்வும் அதில் அடங்கியுள்ளது.