ஆலயம் பூட்டியிருந்தபோது குடில் எங்கே இருந்தது?



திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுதிரியை ஏற்றிவிட்டோம். வீடுகளில் பச்சரிசி ஊறத் தொடங்கிவிட்டது. பரணிலிருந்து முறுக்கு உரலும் பழைய குடில் பெட்டியும் இறங்குகின்றன. பிள்ளைகள் மூங்கில் குச்சியும் வண்ணத்தாளும் பசையுமாகத் திண்ணையை அடைத்துக்கொண்டு நட்சத்திரம் கட்டுகிறார்கள். இவையெல்லாம் விழாவின் வெளிப்புறம், உண்மையான விழா பீடத்தில்தான் நடக்கிறது என்று சொல்வாருண்டு. திருப்பலியே விழாவின் உயிர் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் பீடத்தை அணுக வழியில்லாத காலங்களும் திருச்சபையின் வரலாற்றில் உண்டு. அப்போது கிறிஸ்து பிறப்பு விழாவைக் கைவிடாமல் வைத்திருந்தது வீட்டுக் கூடமும் அடுப்படியும்தான். அந்தக் கதையை இன்று சிந்திப்போம்.

குடிலின் தொடக்கத்தை நாம் அறிவோம். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் புனித அசிசி பிரான்சிஸ் அதை அமைத்தார். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே யோவான் என்ற நண்பரை அழைத்து ஏற்பாடு செய்யச் சொன்னார் என்று அவருடைய வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமா குறிப்பிடுகிறார். அங்கே உருவச்சிலை ஒன்றுகூட இல்லை. தீவனத் தொட்டி, அதில் வைக்கோல், பக்கத்தில் உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. அதன்மேல் குருவானவர் திருப்பலி நிறைவேற்ற, திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். ஊர் மக்கள் பந்தம் ஏந்தி வந்திருந்தார்கள். அந்த வைக்கோலைப் பத்திரப்படுத்தி, பின்னர் நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள் என்றும் செலானோ எழுதுகிறார். 2019 டிசம்பர் 1 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குச் சென்று, வீடுகளிலும் குடில் அமைக்கும் வழக்கத்தைப் பேணுமாறு கேட்கும் திருமடல் ஒன்றில் கையொப்பமிட்டார்.

பிரான்சிஸ்கன் துறவிகள் சென்ற இடமெல்லாம் குடிலும் சென்றது. ஆனால் நெடுங்காலம் அது ஆலயத்துக்கும் மடத்துக்கும் அரண்மனைக்கும் உரியதாகவே இருந்தது. நேப்பிள்ஸ் அரண்மனையில் பட்டு உடுத்திய பொம்மைகள் நூற்றுக்கணக்கில் நின்றன. ஏழையின் வீட்டில் அதற்கு வழியேது?

பிறகு விந்தையான ஒன்று நடந்தது. குடிலை ஆலயத்திலிருந்து வெளியேற்றியவர் கிறிஸ்தவத்தை வெறுத்த அரசர் அல்லர். கத்தோலிக்கப் பேரரசர் ஒருவர். ஆஸ்திரியாவை ஆண்ட இரண்டாம் யோசேப்பு 1780களில் வழிபாட்டை அறிவுக்கு ஏற்றதாகச் சீர்திருத்துகிறேன் என்று புறப்பட்டு, ஆலயங்களில் குடில் வைப்பதைத் தடை செய்தார். பீடத்தில் எத்தனை மெழுகுதிரி எரியலாம் என்பது வரை ஆணையிட்ட மனிதர் அவர். திரோல் மலைநாட்டு மக்கள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. குடிலைத் தூக்கித் தங்கள் வீட்டு மூலையில் வைத்துக்கொண்டார்கள். குளிர்கால இரவுகளில் தாங்களே மரத்தில் ஆடும் இடையரும் செதுக்கினார்கள். இன்றும் அந்த நாட்டு வீட்டுக் குடில்கள் புகழ்பெற்றவை. அரசர் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு.

அடுத்து பிரான்சு. அங்கே வந்தது வெறும் சீர்திருத்தம் அல்ல, பெரும் புயல். 1789 நவம்பரில் திருச்சபையின் சொத்துகள் நாட்டுடைமையாயின. அடுத்த ஆண்டு குருக்களை அரசின் ஊழியராக்கும் சட்டம் வந்தது. அதற்கு உறுதிமொழி எடுக்க மறுத்த குருக்கள் 1792இல் நாட்டைவிட்டு வெளியேறப் பணிக்கப்பட்டார்கள். வெளியேறாமல் தங்கியவர்கள் களஞ்சியங்களிலும் வீட்டு அறைகளிலும் ஒளிந்து திருப்பலி நிறைவேற்றினார்கள். அந்த 1792இல் குருப்பட்டம் பெற்று, அதே ஆண்டில் பாரிஸ் மறைபரப்பு சபையின் சார்பில் கப்பலேறி நம் புதுச்சேரி மறைத்தளத்துக்கு வந்தவர்தான் அருள்தந்தை துபுவா. அவர் 31 ஆண்டுகள் நம் நாட்டில் இருந்தார் என்பதை இங்கே போகிறபோக்கில் நினைவுகூர்கிறோம்.

1793இல் நாள்காட்டியையே மாற்றினார்கள். ஏழு நாள் வாரம் போய்ப் பத்து நாள் வாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதே இல்லாமற்போனது. புனிதர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு செடி, ஒரு கருவி, ஒரு விலங்கு என்று பெயரிட்டார்கள். டிசம்பர் 25க்கு என்ன பெயர் தெரியுமா? நாய். ஆண்டவர் பிறந்த நாள் அந்த ஆண்டு அரசு ஏட்டில் 'நாய்' நாளாக இருந்தது. பாரிசின் நோத்ரு தாம் பேராலயம் 'பகுத்தறிவுக் கோவில்' ஆனது. நகரின் ஆலயங்கள் அனைத்தையும் மூடச் சொல்லி நவம்பரில் நகராட்சி ஆணையிட்டது. மூன்று அரசர்கள் விழாவுக்கு வீடுகளில் உண்ணும் 'அரசர் அப்பத்தை'யும் விட்டுவைக்கவில்லை. அரசன் என்ற சொல்லே ஆகாது என்பதால் அது 'சமத்துவ அப்பம்' ஆனது. பெயர்தான் மாறியது. அப்பம் சுடுவது நிற்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் தெற்கே மத்தியதரைக் கடலோரம் இருக்கும் புரோவான்ஸ் பகுதிக்கு வருகிறோம். அதன் பெரிய துறைமுகம் மார்சேய். புரட்சி அரசை எதிர்த்ததற்குத் தண்டனையாக, 1794 தொடக்கத்தில் அந்நகரின் பெயரையே பறித்து 'பெயரற்ற ஊர்' என்று அறிவித்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் ழான் லூயி லான்யெல் என்றொரு கைவினைஞர் இருந்தார். பிறந்தது 1764, இறந்தது 1822. அவர் பிளாஸ்டர் அச்சு செய்து, அதில் களிமண்ணை அழுத்தி எடுத்து, சூளையில் சுடாமல் காயவைத்து வண்ணம் தீட்டி, சிறு சிறு குடில் உருவங்களைச் செய்து மலிவாக விற்றார். அச்சு இருந்ததால் ஒரே உருவத்தை எத்தனை முறையும் எடுக்கலாம். ஏழையும் வாங்கலாம். புரோவான்ஸ் மொழியில் அவற்றுக்குச் 'சந்தோன்' என்று பெயர். சின்னப் புனிதர் என்று பொருள்.

வீட்டுக் குடில் புரட்சியால்தான் பிறந்தது என்று சிலர் அழகாகச் சொல்வார்கள். அது சற்று மிகை. அதற்கு முன்பே அங்கே வீடுகளில் காகிதக் கூழிலும் ரொட்டியின் உள்மாவிலும் பிசைந்து உருவங்கள் செய்தார்கள். உண்ணும் ரொட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆட்டுக்குட்டி செய்வதை எண்ணிப் பாருங்கள். பெத்லகேம் என்றாலே 'அப்பத்தின் வீடு' என்பதை மறைக்கல்வி வகுப்பில் படித்தவர்களுக்கு இதில் வேறு சுவையும் தெரியும். புரட்சி செய்தது என்னவென்றால், ஆலயக் குடிலைப் பார்க்க வழியில்லாத மக்களுக்கு வீட்டுக் குடிலே குடிலாகிவிட்டது. 1790இல் பிறந்த ஒரு குழந்தை, ஆலயங்கள் எங்கும் முறையாகத் திறந்தபோது பன்னிரண்டு வயதை எட்டியிருக்கும். அதற்குள் அது மறையுரை கேட்டிருக்குமா, மணியோசை கேட்டிருக்குமா என்பது அந்தந்த ஊரின் நிலையைப் பொறுத்தது. தாயிடமும் பாட்டியிடமும் கேட்டதுதான் அதற்கு மறைக்கல்வி.

அந்தச் சந்தோன் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள்? மரியா, சூசை, குழந்தை, இடையர், அரசர் எல்லாரும் உண்டு. அவர்களோடு அந்த ஊரே திரண்டு வருகிறது. மாவு ஆலைக்காரர் மூட்டையோடு வருகிறார். மீன் விற்கும் பெண், பூண்டு விற்கும் பெண், சாணை பிடிப்பவர், துணி வெளுப்பவர், ரொட்டி சுடுபவர், மேளக்காரர், மகன் கைப்பிடித்து வரும் கண் தெரியாத முதியவர் என்று ஒவ்வொருவரும் தம் அன்றாட உடையிலேயே தீவனத் தொட்டியை நோக்கி நடக்கிறார்கள். எல்லாரிலும் நமக்குப் பிடித்தவர் 'ரவி' என்று அவர்கள் அழைக்கும் வெள்ளந்தி மனிதர். அவர் கையில் காணிக்கை எதுவும் இல்லை. வியப்பில் இரு கைகளையும் மேலே தூக்கியபடி நிற்கிறார், அவ்வளவுதான். குடிலில் அவருக்கும் இடம் உண்டு.

அங்கே குடில் வேலை டிசம்பர் 4 அன்று, புனித பார்பரா விழாவில் தொடங்குகிறது. மூவொரு இறைவனை நினைத்து மூன்று சிறு தட்டுகளில் கோதுமையை ஈரத்தில் முளைக்கப் போடுவார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குள் அது பச்சைப் பசேலென நிமிர்ந்து நிற்கும். அதைக் குடிலிலும் உணவு மேசையிலும் வைப்பார்கள். நம் வீடுகளில் குடிலின் புல்தரைக்குக் கேழ்வரகோ வெந்தயமோ முளைக்கப் போடுகிறோமே, அதேதான். தினமும் தண்ணீர் தெளிப்பது வீட்டின் கடைக்குட்டியின் வேலை என்பதிலும் பெரிய வேறுபாடு இருக்காது. 1969இல் உலகத் திருச்சபையின் பொது நாள்காட்டியிலிருந்து புனித பார்பராவின் நினைவுநாள் எடுக்கப்பட்டுவிட்டது. புரோவான்ஸ் வீடுகளில் கோதுமை அதே நாளில்தான் இன்னும் ஊறுகிறது.

விழா முந்தின நாள் இரவு பெரிய விருந்து. பெரிது என்றாலும் புலால் கிடையாது. திருவிழிப்பு நாளின் ஒறுத்தல் அது. மேசைமேல் மூன்று வெள்ளை விரிப்புகள், மூன்று மெழுகுதிரிகள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்தபின் இனிப்புப் பண்டங்கள். அவை பதின்மூன்று, ஆண்டவரும் பன்னிரு திருத்தூதரும். மார்சேய் குருவானவர் மார்செத்தி என்பவர் 1683லேயே இந்த வீட்டு வழக்கங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, பண்டங்களையும் குறிப்பிட்டிருக்கிறார். பதின்மூன்று என்ற கணக்கு பின்னாளில் உறுதிப்பட்டது. அத்தி, பாதாம், உலர்ந்த திராட்சை, வாதுமைக்கொட்டை ஆகிய நான்கும் இரந்துண்ணும் நான்கு துறவற சபைகளின் அங்கி நிறத்தை நினைவூட்டுமாம். தேனும் பாதாமும் சேர்த்துக் கிண்டும் நூகா, நம் கடலைமிட்டாய்க்கு உறவு. நடுநாயகமாக ஒலிவ எண்ணெய் ஊற்றிப் பிசைந்து வீட்டில் சுடும் தட்டையான இனிப்பு ரொட்டி. அதைக் கத்தியால் வெட்டமாட்டார்கள். ஆண்டவர் அப்பத்தைப் பிட்டதுபோல் கையால்தான் பிட்டுக் கொடுப்பார்கள்.

ஒலிவ மரம் வளரும் தெற்கில் எண்ணெய் ரொட்டி சுவையாக இருக்கும். ஜெர்மனியின் குளிர்நாட்டில் என்ன செய்வது? அந்நாளில் திருவருகைக் காலத்திலும் வெண்ணெய் விலக்கு. சாக்சனி நாட்டு மக்கள் கிடைத்த மட்ட எண்ணெயில் விழா ரொட்டி சுட்டு வாயில் வைக்க முடியாமல் திண்டாடினார்கள். கடைசியில் 1491இல் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட் வெண்ணெய் சேர்க்க அனுமதி கொடுத்து மடல் அனுப்பினார். இன்று உலகமெங்கும் விற்கும் டிரஸ்டன் 'ஷ்டோலன்' ரொட்டிக்குப் பின்னால் ஒரு திருத்தந்தையின் மடல் இருக்கிறது! அடுப்படிக் கவலை ரோமாபுரி வரை போகலாம் என்பதற்கு இது போதும்.

மீண்டும் புரோவான்ஸ் மேசைக்கு வருவோம். அங்கே எப்போதும் ஒரு தட்டு கூடுதலாக இருக்கும். வழிப்போக்கருக்கோ ஏழைக்கோ உரிய பங்கு அது. உணவுக்கு முன் இன்னொரு சடங்கு உண்டு. பழமரத்தின் கட்டை ஒன்றை வீட்டின் மூத்தவரும் இளையவரும் ஆளுக்கொரு முனையில் பிடித்து, மேசையை மூன்று முறை சுற்றிக் கொண்டுவந்து அடுப்பில் இடுவார்கள். மூத்தவர் அதன்மேல் இனிப்புத் திராட்சை மதுவை ஊற்றி ஆசி மொழிவார். 1904இல் நோபல் பரிசு பெற்ற புரோவான்ஸ் கவிஞர் மிஸ்திரால், தம் தந்தையின் பண்ணை வீட்டில் கண்ட இந்தச் சடங்கைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்த ஆசியின் கருத்து இது: வரும் ஆண்டு நாம் எண்ணிக்கையில் கூடாவிட்டாலும் குறையாமல் இருக்க இறைவன் அருளட்டும். கப்பலேறியவர்களும் போர்க்களம் போனவர்களும் நிறைந்திருந்த ஊர்களின் மன்றாட்டு அது. வளைகுடாவிலும் வெளியூர் வேலையிலும் பிள்ளைகள் இருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1801இல் திருத்தந்தை ஏழாம் பத்திநாதருக்கும் நெப்போலியனுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. 1802 உயிர்ப்புப் பெருவிழாவில் நோத்ரு தாமில் திருப்பலி ஒலித்தது. அடுத்த ஆண்டே, 1803இல், மார்சேயில் சந்தோன் சந்தை கூடியது, இன்றும் கூடுகிறது. ஆலயம் திறந்ததும் மக்கள் வீட்டுக் குடிலைக் கலைத்துவிடவில்லை. இரண்டும் இருந்தன. வீட்டுக் குடிலைப் பிப்ரவரி 2 அன்று, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா வரை வைத்திருப்பார்கள்.

கடையில் விளக்கு, குடில், கேக் எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கும் நாள் இது. வேலைக்குப் போய்க் களைத்து வரும் தாயிடம் அதிரசமும் நீங்களே சுடுங்கள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. வாங்குவதை வாங்குங்கள். ஆனால் குடிலில் ஒரே ஓர் உருவமாவது வீட்டில் செய்ததாக இருக்கட்டும். கடையில் வாங்கிய ஆட்டைப் பற்றிப் பிள்ளை விலையைத்தான் கேட்கும். தானே பிசைந்த ஆடு ஏன் அங்கே நிற்கிறது, யாரைப் பார்க்க வந்தது என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். யாரைச் செய்வது என்று தெரியாவிட்டால், உங்கள் தெருவில் காலையில் மீன்கூடையோடு வருபவரைச் செய்யுங்கள்.

1969இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தொடங்கிய வழக்கம் ஒன்று ரோமையில் இருக்கிறது. திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று பிள்ளைகள் தங்கள் வீட்டுக் குடிலின் குழந்தை இயேசுவைப் புனித பேதுரு சதுக்கத்துக்கு எடுத்து வருவார்கள்; திருத்தந்தை மந்திரிப்பார். வரும் மூன்றாம் ஞாயிறு நீங்களும் உங்கள் வீட்டுக் குழந்தை இயேசுவைத் துணியில் சுற்றி உங்கள் பங்குத்தந்தையிடம் கொண்டு செல்லுங்கள். பளிங்கில் செய்ததோ, களிமண்ணில் பிசைந்ததோ, போன ஆண்டு விரல் உடைந்ததோ, எதுவானாலும் சரி. குடும்பமாகவே செல்லுங்கள், எடுத்துச் செல்வது கடைக்குட்டியாக இருக்கட்டும்.