ஆரஞ்சுத் தாளும் கறுப்புப் பூனையும்

1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கக் கடைகளில் ஓர் அஞ்சலட்டை விற்றது. அதில் ஒரு குழந்தை. அதன் கை மட்டும் தனியே வெட்டிப் பொருத்தியது. கையை மேலே தள்ளினால் அது பிடித்திருக்கும் பரங்கிக்காய் விளக்கு முகத்தை மூடிக்கொள்ளும். இறக்கினால் முகம் தெரியும். வரைந்தவர் எல்லன் கிளாப்சாடில். நியூயார்க் மாநிலத்தின் சௌத் கொலம்பியா என்ற சிற்றூரில் 1865இல் பிறந்தவர். அந்தக் கால அஞ்சலட்டை ஓவியர்களில் அவர் அளவுக்கு வரைந்து குவித்தவர்கள் குறைவு.

இன்று அக்டோபர் மாதத்தில் அமெரிக்க மழலையர் வகுப்புக்குள் நுழைந்தால் அதே வித்தை நடந்துகொண்டிருக்கும். கறுப்புத் தாளில் பூனை வெட்டி, வாலைத் தனியே நறுக்கி, ஒரு பித்தளைப் பின் குத்தி ஆட வைப்பார்கள். அந்தப் பின்னுக்கு ஜார்ஜ் மெக்கில் காப்புரிமை வாங்கியது 1866இல், அலுவலகக் காகிதங்களைச் சேர்த்துப் பிடிப்பதற்காக. பூனை வாலை அவர் நினைத்திருக்க மாட்டார்.

கடையில் விற்ற அட்டை, வகுப்பறையில் செய்யும் அட்டை என்று ஹாலோவீன் வாழ்த்துக்கு இரண்டு வரலாறுகள். விந்தை என்னவென்றால், இரண்டின் வேரும் ஜெர்மனியில் இருக்கிறது. அந்த நாட்டுக்கோ அன்று ஹாலோவீன் கொண்டாடும் வழக்கமே இல்லை.

பண்டிகை அயர்லாந்து, ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. அக்டோபர் 31 இரவு ஆவிகள் உலவும் என்ற நம்பிக்கையில், அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைத்தார்கள். 1840களின் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறிய ஐரிஷ் மக்கள் அந்த வழக்கத்தையும் கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் டர்னிப்பைவிடப் பெரிதாக, குடைய எளிதாகப் பரங்கிக்காய் கிடைத்தது.

ஆனால் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் இது குழந்தைகள் பண்டிகை அல்ல; கல்யாண வயதுப் பெண்களின் இரவு. ஆப்பிள் தோலை அறுபடாமல் உரித்துத் தோளுக்குப் பின்னால் எறிந்தால், விழுந்த வடிவத்தில் வருங்காலக் கணவன் பெயரின் முதலெழுத்து தெரியுமாம். நள்ளிரவில் மெழுகுவத்தியோடு கண்ணாடி முன் நின்றால் அவன் முகமே தெரியுமாம். பழைய அச்சு அட்டைகளில் இந்தக் கண்ணாடிப் பெண் அடிக்கடி வருகிறாள். வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் பிள்ளைகளைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அந்த வழக்கம் பரவவே 1930கள் ஆயின.

அட்டைக்கு வழி திறந்தது தபால் துறை. தனியார் அச்சிட்ட அட்டையையும் ஒரு சென்ட் கட்டணத்தில் அனுப்பலாம் என்று 1898இல் சட்டம் வந்தது. 1907 வரை அட்டையின் ஒரு பக்கத்தில் முகவரி மட்டுமே எழுதலாம். சேதியைப் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுத வேண்டும். அவ்வாண்டு மார்ச்சில் முகவரிப் பக்கத்தை இரண்டாகப் பிரிக்க அனுமதி கிடைத்ததும் மடை திறந்துகொண்டது. 1908 ஜூனோடு முடிந்த ஓராண்டில் அமெரிக்க அஞ்சலில் போன அட்டைகள் 67 கோடிக்கும் மேல். மக்கள்தொகையோ அப்போது 9 கோடியைத் தொடவில்லை.

அந்த அட்டைகளில் நேர்த்தியானவை பெரும்பாலும் ஜெர்மன் அச்சகங்களில் பிறந்தவை. கல் அச்சில் நிறத்துக்கு ஒரு கல். ஒரு படத்துக்குப் பத்துக் கல்கூட ஆகும். நியூயார்க்கின் ஜான் வின்ஷ் பதிப்பித்த, சாமுவேல் ஷ்மக்கர் வரைந்த சூனியக்காரிகள் அந்த அச்சில்தான் மின்னினார்கள். பரங்கித் தலையன்களையும் விளக்குமாற்றில் பறக்கும் கிழவிகளையும் அச்சிட்ட ஜெர்மன் தொழிலாளி, அமெரிக்கர்களுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருக்கக்கூடும். 1914இல் போர் மூண்டது. அட்டை வரத்து நின்றது. கிளாப்சாடிலின் பதிப்பகமும் ஜெர்மன் அச்சையே நம்பியிருந்தது. அவர் 1934இல் இறந்தபோது அட்டை மோகம் எப்போதோ அடங்கியிருந்தது.

வகுப்பறை அட்டையின் கதை ஜெர்மனியின் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் தொடங்குகிறது. அங்கே 1837இல் சிறு குழந்தைகளுக்காக ஒரு பள்ளி திறந்தார் ஃபிரீட்ரிஷ் ஃபிரோபெல். 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். நம்மூர் எல்.கே.ஜி., யு.கே.ஜி.யில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘கே.ஜி.’ அவர் தந்ததுதான். தாள் மடிப்பது, வெட்டுவது, பின்னுவது, ஊசியால் துளையிட்டு உருவம் காட்டுவது எல்லாம் அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல, பாடம். பிரஷ்ய அரசு 1851இல் இந்தப் பள்ளிகளுக்குத் தடை போட்டது. தாள் வெட்டும் குழந்தைகளைக் கண்டும் அரசுகள் பயந்திருக்கின்றன! தடை நீங்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஜெர்மனியிலிருந்து குடியேறிய மார்கரெத்தே ஷுர்ட்ஸ் 1856இல் விஸ்கான்சினின் வாட்டர்டவுனில் ஒரு கிண்டர்கார்டன் தொடங்கிவிட்டார். எலிசபெத் பீபாடி 1860இல் பாஸ்டனில் ஆங்கில வழியில் ஒன்று நடத்தினார். அவர் பேச்சில் மயங்கியவர்களில் ஒருவர், பலகை விளையாட்டுகளை அச்சிட்டு விற்ற மில்டன் பிராட்லி. ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த தன் கம்பெனியிலிருந்து வகுப்புகளுக்கு வண்ணத் தாள்களை அனுப்பத் தொடங்கினார்.

மற்றவை மெல்ல வந்து சேர்ந்தன. 1903இல் பின்னி அண்ட் ஸ்மித் கம்பெனி எட்டு கிரேயான் கொண்ட பெட்டியை ஐந்து சென்ட்டுக்கு விற்றது. கிரயோலா என்று அதற்குப் பெயரிட்ட ஆலிஸ் பின்னி முன்னாள் ஆசிரியை. எட்டில் ஆரஞ்சும் இருந்தது, கறுப்பும் இருந்தது; ஹாலோவீனுக்கு வேறென்ன வேண்டும்? 1909இல் மாசசூசெட்ஸின் டென்னிசன் கம்பெனி ‘போகி புக்’ என்ற கையேட்டைக் கொண்டுவந்தது. தான் தயாரித்த கிரேப் காகிதத்தில் அலங்காரமும் அழைப்பிதழும் வேடமும் செய்வது எப்படி என்று கற்றுத்தந்தது. உண்மையில் அது விளம்பரம்தான். ஆனால் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள்.

1920களிலும் 30களிலும் ஹாலோவீன் இரவு என்றால் வாலிபர்களின் சேட்டை: வேலிக் கதவைக் கழற்றுவது, சன்னலில் சோப்பு தீட்டுவது, சில ஊர்களில் அதைவிடக் கொடியது. தொல்லை தாங்காத ஊர்க்காரர்கள் அந்த இரவைச் சிறுவர்களின் ஊர்வலத்துக்கும் பள்ளி விழாவுக்கும் திருப்பினார்கள். மினசோட்டாவின் அனோகா 1920இலேயே ஊர்வலம் நடத்தியது. காதல் சோதிடம் ஒதுங்கியது. கண்ணாடிப் பெண் போனாள். பூனையும் வௌவாலும் பரங்கிக்காயும் தங்கின. மூன்றுமே நான்கு வயதுக் கையால் வெட்டக்கூடிய உருவங்கள். வட்டம் கோணினாலும் பரங்கிக்காய் பரங்கிக்காய்தான். தாளை மடித்து அரை வௌவால் வெட்டிப் பிரித்தால் முழு வௌவால். ஃபிரோபெலின் மடிப்புப் பாடம் இதுவே.

வின்ஷ் அட்டைகளும் கிளாப்சாடில் அட்டைகளும் ஆல்பங்களில் பத்திரமாகக் கிடந்ததால் இன்றும் ஏலத்துக்கு வருகின்றன. பிள்ளைகள் செய்த அட்டைகளில் பழையது எது என்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். பள்ளிக்கூடத்து வண்ணத் தாள் மட்டமான மரக்கூழில் செய்தது. சன்னல் வெயிலில் சில வாரம் இருந்தாலே ஆரஞ்சு வைக்கோல் நிறமாகிவிடும். ஓரங்கள் உதிரும். பித்தளைப் பின் மட்டும் மேசை இழுப்பறையில் கிடக்கும்.