பாவம் செயலிலா, உறவிலா?

பாவம் என்பது தனியொரு செயலிற் படிந்த கறையா? அன்றி, மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவு சிதையுமிடத்துப் பிறப்பதா? ஒருபாலுறவு பற்றி ஆங்கிலக் கிறிஸ்தவத்துள் எழுந்த விவாதத்தின் அடிநாதம் இவ்வினாவே.

அதுவரை திருச்சபை நீதிமன்றங்களுக்குரியதாயிருந்த இக்குற்றத்தை 1533இல் எட்டாம் ஹென்றியின் அரசு தன் கைக்கு எடுத்து, மரண தண்டனைக்குரியதாக்கியது. 1835இல் ஜேம்ஸ் பிராட், ஜோன் சிமித் என்னும் இரு ஏழைகள் இலண்டனில் தூக்கிலிடப்பட்டனர். அந்நாட்டில் இக்குற்றத்துக்காகத் தூக்கேறிய கடைசி மனிதர் இவர்களே. இவர்களை விசாரணைக்கு அனுப்பிய நீதவான் வெட்ஜ்வுட்டே இவர்களின் உயிருக்காக அரசிடம் மன்றாடினார். இச்செயலால் எவருக்கும் தீங்கில்லை. செல்வர் சிறு செலவில் மறைவிடம் தேடிக்கொள்வர். ஏழைக்கே அகப்படும் விதி என்பது அவர் வாதம். அறத்தின் பெயரால் வந்த சட்டம் வர்க்கம் பார்த்தே கழுத்தை இறுக்கியது.

இச்சட்டத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது சோதோம் நகரின் அழிவு. ஆனால் அந்நகரின் குற்றங்களை அடுக்கும் எசேக்கியேல், செருக்கையும், நிறைந்த வயிற்றோடு ஏழைக்குக் கைகொடாமையையுமே முன்வைக்கிறார். 1955இல் ஆங்கிலிக்கன் குருவானவர் டெரிக் ஷெர்வின் பெய்லி, வந்த அந்நியரை இழிவுபடுத்தியதே சோதோமின் பாவம் என வாதிட்டார். ஆசிரியர்களும் உளவியலாளரும் அடங்கிய குவேக்கர் குழுவொன்று, மாணவரின் மனத்துயரால் உந்தப்பட்டு 1963இல் வெளியிட்ட நூல் மேலும் சென்றது. உறவின் தன்மையே அளவுகோல். வற்புறுத்தலும் சுரண்டலும் எவ்வுறவிலும் பாவமே. உண்மையன்பு ஒருபாலாரிடையே நிகழ்வதால் மட்டும் பாவமாகாது என்றது அது. பல திருச்சபைகள் இன்றும் இதனை ஏற்கவில்லை.

1967இல் இங்கிலாந்து, வயதுவந்த ஆண்களிடையே தனிமையில் இசைவோடு நிகழும் உறவைக் குற்றப்பட்டியலினின்று நீக்கியது. அதே இங்கிலாந்தின் ஆட்சி 1883இல் எமக்களித்த தண்டனைச் சட்டக்கோவையோ நிலைத்தது. 1995இல் அதனைத் திருத்திய எமது பாராளுமன்றம் பெண்களையும் அதன் பிடிக்குள் கொணர்ந்தது. இத்தண்டனையை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அன்னியன் விட்டுச்சென்ற விலங்கை எம் பண்பாடெனப் போற்றுவோர் சிந்திக்கட்டும். பாவம் உறவிலே பிறப்பதாயின், அன்புற்ற இருவரைக் குற்றவாளிகளாக்கி ஒதுக்கும் சமுதாயமே முதலிற் பாவ அறிக்கை செய்யக் கடமைப்பட்டது. வகுப்பறையில் ஒடுங்கியிருக்கும் மாணவன் ஒருவனுக்கேனும் நாம் இதனை உரத்துச் சொல்ல வேண்டாமா?