கிருபையே முந்தியது: மிலான் திருச்சபை தரும் பாடம்

இரட்சிப்பு கிருபையினாலா, கிரியையினாலா என்று கேட்டால் நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே தயங்காமல் விடை சொல்வார்கள். அடுத்த கேள்விதான் பெரியவர்களையும் இரு அணியாகப் பிரித்து நிறுத்துகிறது. கிருபை போதும் என்றால் ஞானஸ்நானம் எதற்கு? ஞானஸ்நானம் வேண்டும் என்றால் கிருபை போதாது என்று ஆகிவிடாதா? ஒரு சாரார் அதை இரட்சிப்புக்குச் செலுத்தும் விலையாக்குகிறார்கள். மறு சாரார் பெயர் சூட்டும் சடங்கென்று ஒதுக்குகிறார்கள். இரு சாராரும் ஞானஸ்நானத்தை மனிதன் கடவுளுக்காகச் செய்யும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். அது கடவுள் மனிதனுக்காகச் செய்வது. விசுவாசம் அதை ஏற்கிறது; கீழ்ப்படிதல் அந்த விசுவாசத்தின் நடை. இந்த ஒழுங்கு புரிந்துவிட்டால் சச்சரவுக்கு இடமில்லை. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரத்துத் திருச்சபை இதைத் தன் வாழ்விலேயே கற்றுக்கொண்டது.

வேதம் காட்டும் ஒழுங்கு

எபேசியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் இரட்சிப்பைத் தேவனுடைய ஈவு என்கிறார். மேன்மை பாராட்ட ஒருவருக்கும் இடம் வைக்கவில்லை. ஆனால் அடுத்த மூச்சிலேயே, நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறார். ரோமர் நிருபத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் விசுவாசத்தையும் கீழ்ப்படிதலையும் சேர்த்தே பேசுகிறார். அதன் ஆறாம் அதிகாரம் ஞானஸ்நானத்தைக் கிறிஸ்துவோடு அடக்கம் பண்ணப்படுதல் என்று விளக்குகிறது. யாரும் தன்னைத்தானே அடக்கம் செய்துகொள்வதில்லை. பிறர்தான் அவரைக் குழியில் இறக்குகிறார்கள். அப்படியே, தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டவர் என்று புதிய ஏற்பாட்டில் ஒருவரும் இல்லை.

அப்போஸ்தலர் நடபடிகளில் வரிசை ஒரே மாதிரி இருப்பதில்லை. பெந்தெகொஸ்தே நாளில் மனந்திரும்புதலும் தண்ணீரும் முதலில் வருகின்றன. ஆவியின் வரம் வாக்குத்தத்தமாகத் தொடர்கிறது. கொர்நேலியுவின் வீட்டிலோ பரிசுத்த ஆவியானவர் முந்திக்கொள்கிறார். ஆவியே இறங்கிவிட்டார், இனித் தண்ணீர் எதற்கு என்று பேதுரு சொல்லவில்லை. தண்ணீரைத் தடை செய்பவர் யார் என்றுதான் கேட்டார். எத்தியோப்பிய மந்திரி வழியிலேயே இரதத்தை நிறுத்தச் சொன்னார். பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் இராத்திரியின் அந்த வேளையிலேயே வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றான். எல்லா இடத்திலும் மாறாமல் நிற்பவை இரண்டு. கிருபை முதலில் வருகிறது, விசுவாசித்தவர் தள்ளிப்போடுவதில்லை.

தள்ளிப்போட்ட நூற்றாண்டு

313இல் திருச்சபைக்கு விடுதலை கிடைத்தது. அதன்பின் தள்ளிப்போடுவதே வழக்கமாகிப் போனது. ஞானஸ்நானம் எல்லாப் பாவங்களையும் கழுவுமென்றால் அதைக் கடைசிவரை சேமித்து வைப்பதே புத்திசாலித்தனம் என்று பலர் நினைத்தார்கள். பேரரசர் கான்ஸ்டன்டைன் 337இல் மரணப்படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். மிலான் நகர மக்கள் 374இல் அம்புரோசைப் பேராயராகத் தேர்ந்தபோது அவர் மாகாண ஆளுநர். இன்னும் ஞானஸ்நானம் பெறாதவர். முதலில் ஞானஸ்நானம் கொடுத்து, சில நாட்களுக்குள் அவரை அபிஷேகம் செய்தார்கள்.

பின்னாளில் திருச்சபையின் பேரறிஞராக விளங்கிய அகுஸ்தீன் சிறுவனாக இருந்தபோது கடும் நோயில் விழுந்தார். தாய் மோனிக்கா ஞானஸ்நானத்திற்கு அவசரமாக ஏற்பாடு செய்தார். பையன் பிழைத்துக்கொண்டதும் அந்த ஏற்பாடு நின்றுபோயிற்று; வளர்ந்து பாவம் செய்வான், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இதை ‘அறிக்கைகள்’ நூலில் நினைவுகூரும் அகுஸ்தீன், அப்போதே கொடுத்திருந்தால் எவ்வளவு நலமாயிருந்திருக்கும் என்று வருந்துகிறார். கிருபையைக் கணக்குப் பார்த்துச் செலவிடும் சரக்காக நடத்தியதால் வந்த வினை அது.

சுவர்களா கிறிஸ்தவனை உண்டாக்குகின்றன?

அம்புரோசுக்கு ஞான ஆசிரியராக இருந்த மூத்த குரு சிம்பிளிசியானுஸ், மிலானில் தம்மைத் தேடி வந்த அகுஸ்தீனுக்கு ஒரு வரலாற்றைச் சொன்னார். ரோமாபுரியின் புகழ்பெற்ற சொற்கலை ஆசிரியர் மாரியுஸ் விக்டோரினுஸ். பொது மன்றத்தில் அவருக்குச் சிலை நிறுவியிருந்தார்கள். வேதத்தைப் படித்து உள்ளம் திரும்பிய அவர், தாம் ஏற்கெனவே கிறிஸ்தவரே என்று சிம்பிளிசியானுசிடம் தனிமையில் சொல்லி வந்தார். சபையில் பார்த்தால்தான் நம்புவேன் என்பார் சிம்பிளிசியானுஸ். அப்படியானால் சுவர்கள்தாம் ஒருவனைக் கிறிஸ்தவனாக்குகின்றனவோ என்று விக்டோரினுஸ் திருப்பிக் கேட்பார். உண்மையில் அவர் அஞ்சியது செல்வாக்குள்ள நண்பர்களின் பகைக்கு. மேலும் படிக்கப் படிக்க, மனிதர் முன் கிறிஸ்துவை அறிக்கையிட வெட்கப்படுகிறவனை அவரும் மறுதலிப்பார் என்ற அச்சம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் திடீரென்று, சபைக்குப் போவோம் என்றார். அறிக்கையைத் தனியறையில் சொல்லிக்கொள்ளச் சலுகை தந்தபோதும் மறுத்து, எல்லார் முன்பும் மேடையில் நின்று உரக்கச் சொன்னார்.

விக்டோரினுஸ் சொன்ன வாதம் பொய்யில்லை. சுவர்கள் யாரையும் இரட்சிப்பதில்லை. ஆனால் அந்த வாதத்தை அவர் பயன்படுத்தியது பயத்தை மறைக்கத்தான். விசுவாசம் முதிர்ந்தபோது வாதம் தானாக உதிர்ந்தது. கால்கள் சபையை நோக்கி நடந்தன. கீழ்ப்படிதல் அவருடைய விசுவாசத்தோடு புதிதாகக் கூட்டப்பட்ட ஒன்றல்ல. அந்த விசுவாசமே வெளியே வந்த விதம்.

உயிர்த்தெழுதல் இரவு

386ஆம் ஆண்டு, மிலானில் ஒரு தோட்டத்தில் ரோமர் 13ஆம் அதிகாரத்தை வாசித்து அகுஸ்தீன் மனம் திரும்பினார். சொற்கலை ஆசிரியர் பதவியை விட்டார். என்ன வாசிப்பது என்று அம்புரோசைக் கேட்டார். ஏசாயா என்று பதில் வந்தது. தொடக்கம் விளங்காததால் அந்தப் பேரறிஞர் அதைப் பிறகு பார்க்கலாமென்று மூடி வைத்தார். 387இன் தொடக்கத்தில் மற்றவர்களோடு தாமும் பெயர் கொடுத்து, ஏப்ரல் 24ஆம் நாள் இரவு, உயிர்த்தெழுதல் விழிப்பு ஆராதனையில், மகன் அதியோதாத்துசுடனும் நண்பர் அலிப்பியுசுடனும் ஞானஸ்நானம் பெற்றார்.

அவர் ஞானஸ்நானம் பெற்ற எண்கோணத் தொட்டியின் எச்சங்களை மிலான் பேராலயத்தின் அடியில் இன்றும் காணலாம். அங்கே நடந்ததை அம்புரோசின் போதனைகள் விவரிக்கின்றன. காதுகளும் மூக்கும் தொடப்படும். உடலில் எண்ணெய் பூசப்படும். சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று கேட்பார்கள். பிதாவை, குமாரனை, பரிசுத்த ஆவியை விசுவாசிக்கிறாயா என்று மூன்று கேள்விகள். ஒவ்வொரு முறையும் “விசுவாசிக்கிறேன்” என்ற பதில். ஒவ்வொரு முறையும் ஒரு முழுக்கு. பிறகு பேராயரே இடுப்பில் துணி கட்டிக்கொண்டு, கரையேறியவர்களின் கால்களைக் கழுவத் தொடங்குவார். ரோமாபுரியில் இல்லாத இந்த வழக்கத்தை அம்புரோஸ் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் வெள்ளை உடை.

இதில் ஞானஸ்நானம் பெறுபவர் செய்வது என்ன? சாத்தானை மறுத்துவிடுகிறார், விசுவாசிக்கிறேன் என்கிறார், இறங்கச் சொன்ன இடத்தில் இறங்குகிறார். மற்ற அனைத்தும் அவருக்குச் செய்யப்படுகின்றன. ஞானஸ்நானம் மனிதக் கிரியை அல்ல, தேவனுடைய கிரியை என்று 1529இல் மார்ட்டின் லுத்தர் தம் பெரிய ஞானோபதேசத்தில் வலியுறுத்தியதை இந்தத் தொட்டி முன்பே காட்டிவிட்டது. நாகமானை எடுத்துக்காட்டி அம்புரோஸ் போதித்ததும் இதுவே: சுத்தமாக்கியது யோர்தானின் நீரல்ல, கிருபை. ஆனாலும் நாகமான் இறங்கத்தான் வேண்டியிருந்தது.

கட்டுண்டது நாம்

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஞானஸ்நானத்திற்காக அம்புரோசை எதிர்பார்த்திருந்த இளம் பேரரசர் இரண்டாம் வாலன்டீனியன் 392இல் அதைப் பெறாமலே இறந்தார். அடக்க உரையில் அம்புரோஸ் அவர் சகோதரிகளைத் தேற்றினார்: அவர் கேட்ட கிருபையை அவர் பெற்றிருக்கிறார். சிலுவையில் தொங்கிய கள்ளனை எண்ணிப் பார்த்து அகுஸ்தீனும், நேரம் இல்லாதபோது விசுவாசமும் மனமாற்றமும் அந்தக் குறையை நிரப்பும் என்று எழுதினார். நேரம் இருந்தும் அலட்சியம் செய்பவருக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. சாக்கிரமெந்துக்குக் கட்டுப்பட்டவர்கள் நாம். கடவுள் அதற்குள் கட்டுண்டவர் அல்லர்.

பின்னாளில் பெலாகியு என்ற போதகர் மனிதச் சித்தத்தின் ஆற்றலை உயர்த்திப் பேசியபோது அகுஸ்தீன் ஏன் அத்தனை உறுதியாக எதிர்த்தார் என்பதும் இங்கே விளங்கும். தாம் கட்டளையிடுவதைச் செய்யும் பலத்தையும் தேவனே தர வேண்டும் என்பது அவருடைய ஜெபம். பெலாகியுவைச் சினம் கொள்ளச் செய்ததும் அதுவே. கீழ்ப்படிதலும் கொடையே என்று தம் வாழ்விலேயே கண்டவர் அகுஸ்தீன். 418இல் கார்த்தேஜ் ஆலோசனைச் சங்கம் பெலாகியுவின் போதனையைத் தள்ளியது.

இந்தச் சிறப்பு மலரை வாசிக்கும் அன்பர்களே, உள்ளத்தில் விசுவாசித்தும் உறவினருக்கும் ஊருக்கும் அஞ்சி நிற்பவர்கள் விக்டோரினுசைப் போல எழுந்து வாருங்கள். இப்போது தகுதியில்லை என்று காத்திருப்பவர்கள், தகுதி ஞானஸ்நானத்தின் முன்கட்டணம் அல்ல என்று அறிந்துகொள்ளுங்கள். குழந்தைப் பருவத்திலோ வளர்ந்த பின்னோ அதைப் பெற்றவர்கள், பிறருடைய ஞானஸ்நானத்தை எடைபோடுவதை விட்டு அதற்கேற்ப நடவுங்கள். ஆயர்களும் சபை மூப்பர்களும் ஆயத்த வகுப்புகளை அவசரச் சடங்காக்காமல் பொறுமையாய் நடத்துங்கள். கிருபை இரட்சிக்கிறது, விசுவாசம் ஏற்றுக்கொள்கிறது, கிருபையை உண்மையாக ஏற்றுக்கொண்ட விசுவாசம் கீழ்ப்படியாமல் இருப்பதில்லை.